கடல் தாண்டி வந்த சுராங்கனி

1971-இல் டி. ரெக்ஸ் குழுவின் 'ஹாட் லவ்' இசைத்தட்டு பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. கன்னத்தில் மினுக்குப் பொடி பூசிக்கொண்டு மார்க் போலன் தொலைக்காட்சியில் அதைப் பாடிய நாளிலிருந்தே கிளாம் ராக்கின் கதையைத் தொடங்குவது அங்கே வழக்கம். ஒரே பாட்டு ஒரு காலத்தின் காதைத் திருப்பியது. அதே பத்தாண்டில் தமிழ்க் காதைத் திருப்பிய பாட்டைத் தேடுகிறவர் கோடம்பாக்கத்துக்குப் போக வேண்டாம், இலங்கை வானொலியைத் திருப்பினால் போதும். ஏ.ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' அங்கிருந்துதான் நம் கடற்கரைக்கு வந்தது. கதாநாயகன், கதை, படம் எதுவும் இல்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டு ஊரையே ஆட வைக்கலாம் என்று அது காட்டியது.

பக்திப் பாடல்கள் முன்பே சினிமாவுக்கு வெளியே வென்றவையாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்களும் நாகூர் ஹனிபாவின் பாடல்களும் வீதியெங்கும் ஒலித்தன. ஆனால் அவற்றுக்குக் கோயிலும் தர்காவும் கட்சி மேடையும் இடம் கொடுத்தன. மீன் கொண்டுவந்த சேதியைச் சொல்லும் இந்தப் பாட்டுக்குத் தாளத்தைத் தவிர வேறு துணையில்லை. அந்தத் தாளத்துக்கோ நீண்ட வரலாறு உண்டு. 1505-இல் இலங்கைக்கு வந்து 1658-இல் ஆட்சியை இழந்த போர்த்துக்கீசியரின் ஆட்டமெட்டுகள், அவர்களோடு வந்த ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களிடம் தங்கின. 1940-களில் வாலி பாஸ்தியன்ஸ் அவற்றில் சிங்களச் சொற்களை ஏற்றி பைலாவைப் பரப்பினார். ஐரோப்பியர் விட்டுப்போனது கட்டடமும் சட்டமும் மட்டுமல்ல என்பதைப் புதுச்சேரி வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' மூலம் தமிழ் 'பொப்'புக்கு வழி திறந்தார். மனோகரன் அந்த வழியில் சிங்களத்தையும் தமிழையும் கூட்டிக்கொண்டு நடந்தார்.

இரவல் மெட்டுக்கு இவ்வளவு பெருமையா என்ற கேள்வியும் எழும். போலன் மட்டும் என்ன செய்தார்? 1950-களின் சக் பெர்ரியிடம் கடன் வாங்கி, அதற்குப் புது உடை போட்டார். வெகுஜன இசையில் கடன் குற்றமல்ல. வாங்கியதை வைத்து யாரை ஆட வைத்தார் என்பதே கேள்வி. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது: 'சுராங்கனி' அவ்வளவு பெரிய திருப்பம் என்றால் தமிழ்நாட்டில் தனிப்பாட்டுத் தொழில் ஏன் உடனே வளரவில்லை? 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் அதே பாட்டைப் பாடினார்கள். சினிமா அதை எதிர்க்கவில்லை, வாரி அணைத்துக்கொண்டது. அந்த அணைப்பில் பாட்டு வாழ்ந்தது, பாடகருக்கான தனி மேடை சுருங்கியது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் அதை வளர்த்த தமிழ்ச் சமூகமும் சிதறிப்போனது. இதைப் பாட்டின் தோல்வியாக எழுதுவது அநியாயம். மால்குடி சுபாவின் ஆல்பங்களையோ, 2021-இல் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'யையோ தொடக்கமாக வைத்துத் தமிழ்த் தனிப்பாட்டின் வரலாறு எழுதுகிறவர்கள், 2018-இல் சென்னையில் மறைந்த மனோகரனுக்கு அதன் முதல் அத்தியாயங்களில் இடம் தர வேண்டும்.