மரைக்காலும் பரதேசியும்: தோராவின் நீதியும் கொச்சி யூதரும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள வெல்லாவெளியில் சூடு மிதித்த களங்களிலே நெல் அளந்த மரைக்கால், போடியாருக்கும் வயற்காரருக்குமிடையே பங்கு பிரித்த நடுவருமாகும். யூதரின் திருநூலாகிய தோராவும் இவ்வளவை பற்றிப் பேசுகின்றது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்து ‘எப்பா’ என்னும் எபிரேய அளவையைத் தமிழ் விவிலியப் பெயர்ப்பாளர் ‘மரக்கால்’ என்றே பெயர்த்தனர்.

அவ்வதிகாரம் ஊன்றி நோக்குதற்குரியது. வயலின் ஓரத்தை முற்ற அறுக்காது ஏழைக்கும் பரதேசிக்கும் விடவேண்டும். கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருத்தல் ஆகாது. வறியவனென்று இரங்கியோ பெரியவனென்று மதித்தோ தீர்ப்புரைத்தல் கூடாது. 33, 34ஆம் வசனங்கள் அந்நியனைச் சுதேசியாக நடத்தச் சொல்ல, அவற்றை அடுத்தே தராசும் நிறைகல்லும் பற்றிய விதி வருகின்றது. ஈரிடத்தும் நினைவூட்டப்படுவது எகிப்து. தாம் அடிமைகளாயிருந்ததை மறவாமையே இங்கு விசுவாசத்தின் உள்ளீடு எனலாம்.

தென்னகத்து யூதரிடையே இவ்விதிகள் பெற்ற இடம் யாது? கி.பி. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கொல்லத்து நிறைகோல் முதலியவற்றின் காவலைக் கிறித்தவப் பள்ளியிடம் ஒப்படைத்தது. அதன் சாட்சிகளுட் சிலர் எபிரேய எழுத்தில் ஒப்பமிட்டனர். கி.பி. 1000 அளவில் சேரமன்னன் பாஸ்கர இரவி, யோசேப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் வட்டெழுத்துச் செப்பேட்டால் வழங்கினான். பல்லக்கையும் குடையையும் பகல்விளக்கையுமே ஆய்வாளர் பெரிதும் பேசுவர். எமக்கு அவற்றினும் முக்கியமாகத் தோன்றுவது, உல்கோடு துலாக்கூலியும் நீக்கப்பட்டமையாகும். வணிக வருவாயில் அரசுக்கிருந்த நாட்டத்தை மறுப்பதற்கில்லை. எனினும் பரதேசியைச் சுதேசியாக்கும் விதி யூதருக்குச் சாதகமாக ஈண்டுச் செயற்பட்டது.

அவர்தம் சமூகத்துக்குள்ளோ நிலை வேறு. 1568இல் மட்டாஞ்சேரியில் எழுந்த ஜெபாலயம் பரதேசி யூதருடையது, பெயரும் அதுவே. அங்கே விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் சமமாக அமரவும், தோரா வாசிக்க அழைக்கப்படவும் உரிமையற்றிருந்தனர். 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலில் நிகழ்ந்ததை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. அவ்வழியில் வந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தை ஜெபாலயத்துக்குள்ளேயே நடத்தினார். தடைகள் மெல்ல மெல்லவே தளர்ந்தன.

1948இல் இஸ்ரேல் தோன்றியபின் கேரள யூதர் பலர் அங்குக் குடிபெயர விழைந்தனர். யானைக்கால் நோய் பரவுமென்ற அச்சத்தால் அவர்தம் குடியேற்றம் தாமதிக்கப்பட்டது. 1953இல் சேலம் அங்குச் சென்று, இம்முறை யூதரின் அரசிடமே, அவர்களுக்காக வாதாட நேர்ந்தது.