ரவுண்டானா: வட்டம் வந்துச்சு, விதி வந்துச்சா?

நொச்சிக்குப்பத்துலேர்ந்து கலங்கரை விளக்கம் தாண்டி வடக்கே போனா, ராதாகிருஷ்ணன் சாலை வந்து சேர்ற முனை. 2006ல் அங்கே சாலை நடுவில் சிவாஜி கணேசன் சிலை வைத்தார்கள். எதிரே வர்ற வண்டி தெரியலைன்னு வழக்கு நடந்து, 2017 ஆகஸ்டில் சிலை அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது.

அது ரவுண்டானா இல்லைதான். ஆனா சாலை நடுவுன்னாலே சிலைக்கான இடம்னு நமக்கு ஒரு நினைப்பு. மவுண்ட் ரோட்டில் வாலாஜா சாலை சேரும் இடத்துக்குப் பேரே ரவுண்டானாதான். 1968ல் அங்கேயும் அண்ணா சிலை வந்தது. ஜெமினி சர்க்கிளில் 1973ல் மேம்பாலமே வந்துவிட்டது. 'சர்க்கிள்' பேச்சில் மட்டும் மிச்சம்.

உண்மையில் நடுத்திட்டுக்கு ஒரு வேலை இருக்கு. நேராப் பறக்கிற வண்டியை வளைய வைத்து வேகத்தைக் குறைப்பது. சாதாரண நாற்சந்தியில் வண்டிகள் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றைத்தட ரவுண்டானாவில் 8தான். மிச்சமிருக்கும் மோதலும் நேருக்கு நேரா இல்லாம, உரசலாப் போக வாய்ப்பு அதிகம்.

ஆனா வட்டம் மட்டும் போதாது. நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளில் 1905லேயும், பாரிஸில் 1907லேயும் வண்டிகளைச் சுத்த விட்டார்கள். எல்லாரும் உள்ளே புகுந்தால் வட்டமே அடைச்சுக்கும், யாரும் வெளியே வர முடியாது. இதற்கு வழி கிடைத்தது 1966ல், பிரிட்டனில்: உள்ளே சுத்திக்கிட்டிருக்கிறவருக்குத்தான் முன்னுரிமை, நுழையறவர் காத்திருக்கணும். ரவுண்டானாவைக் காப்பாத்தினது இந்த ஒரு வரிதான்.

நம்மூரில் 1989 சாலை விதிகளிலும், பிரதான சாலை அல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வர்றவருக்கு வழி விடச் சொல்லியிருந்தது. இடப்பக்கம் ஓட்டற நாட்டில், வட்டத்துக்குள் இருப்பவர் வருவது வலப்பக்கமிருந்துதானே! நாம பின்பற்றும் விதியோ, 'யார் ஹாரன் பெரிசோ அவர் முதல்ல' :)

ஓட்டறவங்களுக்குச் சுருக்கமா:

- நெருங்கும்போதே வேகத்தைக் குறைங்க. நடந்து கடக்கிறவங்களுக்கு முதலில் வழி விடுங்க.
- வலப்பக்கம் பாருங்க. இடைவெளி கிடைச்சா மட்டும் நுழையுங்க.
- கடிகாரம் சுத்தற பக்கமாவே சுத்துங்க. பத்தடி மிச்சம்னு எதிர்ப்பக்கமா வெட்டாதீங்க.
- உள்ளே முந்தாதீங்க. பஸ், லாரி பக்கத்தில் ஒட்டிக்கிட்டுப் போகாதீங்க. திரும்பும்போது அதோட பின்பக்கம் உள்ளே இழுக்கும்.
- வெளியேறும் முன்னால் இடது இண்டிகேட்டர்.

சிக்னல் ரிப்பேர் ஆனாலும், கரண்ட் போனாலும் ரவுண்டானா வேலை செய்யும். நாலு பேர் நாலு வினாடி பொறுத்தால் போதும்.