சொகுசு இரயிலும் பெயரில்லாத பயணிகளும்



கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் இன்று இரயில் சத்தம் கேட்பதில்லை. தண்டவாளத்தைப் பார்க்க வேண்டுமானால் பத்தாங் பெர்ஜுந்தையைக் கடந்து ரவாங்குக்கோ பத்தாங் காலிக்கோ போகவேண்டும். அங்கே எப்போதாவது ஓர் அபூர்வ வண்டி கண்ணில் படும். பச்சையும் இளமஞ்சளுமான பெட்டிகள். கடைசிப் பெட்டியில் திண்ணை போலத் திறந்த இடம். அதுதான் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸ். கண்டவர்கள் உடனே கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள்.

பெரிய பணக்காரர்கள் ஏறும் வண்டியை நாம் ஏன் படம் பிடிக்கவேண்டும் என்று சிலர் கேட்கலாம். அதன் கதை தெரிந்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள். அந்தப் பெட்டிகள் 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்யப்பட்டு, நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கும் வெலிங்டனுக்கும் இடையே 'சில்வர் ஸ்டார்' என்ற இரவு வண்டியாக 1979 வரை ஓடியவை. பிறகு நம் பக்கம் வந்தன. நியூசிலாந்துத் தண்டவாளத்தின் அகலம் 1,067 மில்லிமீட்டர், நம்முடையது 1,000. ஆகவே சக்கரங்களையே மாற்ற வேண்டியிருந்தது. 1993இல் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வழியாக பேங்காக்குக்கு ஓடத் தொடங்கிய வண்டி, 2020இல் கொள்ளைநோயால் நின்றது. 2024 பிப்ரவரியில் மீண்டும் புறப்பட்டது.

படம் எடுப்பவர்கள் நிலைய மேடையிலோ மேம்பாலத்திலோ நில்லுங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். மேலே ஓடும் மின்கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது எடுத்தால் முன்னும் பின்னும் ஒருங்கே விழும்.

இனி அந்தப் பாதையைப் பற்றிச் சொல்கிறேன். கோலாலம்பூரிலிருந்து ரவாங்குக்கு இரயில் வந்தது 1892இல், கோலகுபுவுக்கு 1894இல். காட்டை வெட்டி, மண் சுமந்து பாதை போட்டவர்களில் தமிழ்நாட்டுக் கூலிகளும் இருந்தார்கள். பின்னர் அந்த வண்டிகளுக்கு நிலக்கரி தந்தது நம் பத்து ஆராங் சுரங்கம். 1915 முதல் 1960 வரை அது நடந்தது.

அதே தண்டவாளத்தில் 1942இலும் 1943இலும் வேறுவிதமான வண்டிகள் வடக்கே போயின. அவற்றில் படுக்கையும் இல்லை, ஜன்னலும் இல்லை. சாமான் ஏற்றும் அடைப்புப் பெட்டிகள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டியும், பிறகு பலவந்தமாகவும் ஜப்பானியர் தோட்டத்து மக்களைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். பால்மரம் வெட்டப் போனவர் வாளியோடு அப்படியே லாரியில் ஏற்றப்பட்ட கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் நம்மிடையே இன்னும் உண்டு. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபர் 17இல் இரு முனைகளும் இணைந்தன. காலரா, மலேரியா, பசி, அடி. மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் மலாயாத் தமிழர்கள் மிகுதி.

வெள்ளைக்காரப் போர்க் கைதிகளும் அங்கே சொல்லொணாத் துன்பம் பட்டார்கள். ஆனால் ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியச் சிப்பாய் மடிக்கும் கொடாக் கேமரா ஒன்றை ஒளித்துவைத்துப் படம் எடுத்தார். ரொனால்ட் சேர்ல் என்ற ஆங்கிலேயர் இரகசியமாகச் சித்திரம் தீட்டினார். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் அடக்கம். பெயர் தெரிந்தவர்களுக்குக் கல்லில் பெயரும் இருக்கிறது. நம்மவரிடம் கேமரா ஏது? அவர்களைப் பெயர் சொல்லிப் பதிந்த ஏடும் அருமை.

பேங்காக் வரை ஓடிய காலத்தில், அந்தச் சொகுசு வண்டியின் பயணிகள் குவாய் நதிப் பாலத்தருகே இறங்கி எத்தனையோ படங்கள் எடுத்துப் போனார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. அந்தப் பாலத்தின் கதையில் நம் பெயர்களைச் சேர்க்கவேண்டியவர்கள் நாம்தானே!

அடுத்தமுறை ரவாங்கில் அந்தப் பச்சை வண்டியைப் படம் எடுத்தால், வீட்டுக்கு வந்ததும் இன்னொரு படத்தையும் எடுங்கள். சயாமுக்குப் போன தாத்தாவின் பழைய படம் சுவரில் தொங்கினால் அதைச் சட்டத்திலிருந்து மெல்லக் கழற்றி, பின்பக்கத்தில் பெயர், பிறந்த ஊர், தோட்டம், போன ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். பென்சில் போதும்.