உலோகத்துக்கே முதலிடம்: போருக்கு முந்தைய டிங்கி வண்டிகளை மதிப்பிடும் முறை

பழைய பொம்மை வண்டிக்கு விலை சொல்பவர்கள் வயதையும் அருமையையும் அட்டைப் பெட்டியையும் பார்ப்பது வழக்கம். லிவர்பூல் பின்ஸ் சாலையிலிருந்த மெக்கானோ ஆலையின் டிங்கி வண்டிகளில், இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவற்றைப் பொறுத்தவரை, இந்த அளவுகோல் மதிப்பீட்டாளரைத் திசைதிருப்பவே செய்கிறது.

முதலில் பெட்டி. 1950களின் நடுப்பகுதியிலிருந்து டிங்கி தனித்தனிப் பெட்டியில் விற்கப்பட்டது; பெட்டி தொலைந்தால் விலை சரிவது நியாயம். போருக்கு முந்தைய சிறு வண்டிகளோ பெரும்பாலும் ஆறு ஆறாக ஒரே பெட்டியில் கடைக்குப் போயின. வாங்கிய சிறுவன் கையில் வண்டி மட்டுமே வந்தது. இல்லாத பெட்டிக்காக அவற்றின் விலையைக் குறைப்பது வரலாறு அறியாத கணக்கு.

வயதைப் பற்றிய நம்பிக்கை இதைவிடச் சிக்கலானது. பிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் தன் பொம்மை ரயில்களுக்குத் துணையாக 1933 இறுதியில் ஆறு வண்டிகளை வெளியிட்டது. டிங்கி என்ற பெயர் 1934இல் வந்தது. அந்த முதல் வண்டிகள் காரீயக் கலவை வார்ப்புகள். விரைவிலேயே ஆலை மசாக் எனும் துத்தநாகக் கலவைக்கு மாறியது. இந்தக் கலவையில் காரீயம் மிகச் சிறிதளவு கலந்தாலே போதும், ஈரப்பதம் சேரச்சேர உலோகப் படிகங்களின் எல்லைகளில் அரிப்பு தொடங்கிவிடும். வார்ப்பு உப்பும், விரியும், கடைசியில் பொடியாகும். தொடங்கியதைத் திருப்ப வழியில்லை. ஈரமும் வெப்பமும் சீரான இடத்தில் வைத்தால் வேகத்தைத் தணிக்கலாம், அவ்வளவே. ஆகவே 1934ஆம் ஆண்டுக் காரீய வண்டி உறுதியாக நிற்க, 1938ஆம் ஆண்டு வண்டி அலமாரியிலேயே நொறுங்குவதுண்டு. இன்று ஒரு மாதிரி அரிதாக இருப்பதற்கு ஆலை குறைவாகச் செய்தது காரணமாக இருக்கலாம். உலோகம் தன்னைத்தானே தின்றதும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியாமல் ‘அரியது’ என்று எழுதுவதில் பொருளில்லை.

விளம்பர வேன்களில் சிக்கல் வேறு. ஒரே வார்ப்பின் மேல் வெவ்வேறு நிறுவனங்களின் பெயர்களை ஒட்டுப்படமாகப் பதித்தார்கள். மதிப்பெல்லாம் அந்த மெல்லிய படத்தில்தான். டபிள்யூ. இ. பாய்ஸ் என்ற சைக்கிள் கடையின் பெயர் தாங்கிய 1930களின் வேன் ஒன்று 2008இல் ஏறத்தாழ 20,000 பவுண்டுக்கு ஏலம் போனது. (ஏல விலை என்பது அன்று விடாப்பிடியாக மோதிய இருவரின் ஆசையையே காட்டும், அதை எல்லாப் பிரதிகளுக்கும் அளவாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.) மதிப்பு படத்தில் இருப்பதால் போலியும் அங்கேதான் நுழைகிறது. புதுப் பெயின்ட் பல வேளை புற ஊதா விளக்கில் வேறாக ஒளிரும். அச்சாணியின் நசுக்கிய முனை கலைந்திருந்தால் வண்டி ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

மறுவண்ணம் பூசுவது பொம்மையைக் காப்பாற்றும் என்பார்கள். உண்மையில் அது விரிசலை மறைக்கிறது, வாங்குபவரை ஏமாற்றுகிறது. பெயின்ட் உதிர்ந்தும் வார்ப்பு நேராக நிற்கும் வண்டியே, பளபளக்கும் மறுபூச்சு வண்டியைவிட மேலானது என்பது என் முடிவு. ஏலப் பட்டியல் தயாரிப்போரும் அருங்காட்சியகப் பதிவாளர்களும், ஒவ்வொரு வண்டியின் பெயருக்கு அடுத்து, பெட்டியைப் பற்றி எழுதுமுன், வார்ப்பு உப்பியதா, விரிந்ததா, மறுபூச்சு உண்டா என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும்.