பெயரை மீட்டோர்

பிள்ளைக்குப் பெயரிடும் நாளில் பெரியோர் அதன் காதில் மும்முறை அப்பெயரைச் சொல்லுவது நம்மவர் வழக்கம். அப்பெயரைப் பிறர் மாற்றிவிட்டால் நேர்வது யாது? யான் மிஷன் பாடசாலையிற் பயின்றவன். எழுத்தறிவித்த ஆசிரியர்களுக்கு என்றும் நன்றியுடையேன். ஆயினும், ஆங்கொருவர் என் பெயரைப் பாதியாகக் குறுக்கி அழைத்தது இன்றும் உறுத்துகின்றது. சிறு முள்தான், அதுவே என்னை இவ்வரலாற்றைத் தேடவைத்தது.

1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் விடுதிப் பாடசாலைகளை நிறுவினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் எழுந்தன. செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் பிள்ளைகள் பலருக்குச் சூட்டப்பட்டன. ஆயினும் தமிழ் அங்கே மறுக்கப்படவில்லை; செமினரியில் ஆங்கிலத்தோடு தமிழும் கற்பிக்கப்பட்டது. கறல் விசுவநாதபிள்ளை சி. வை. தாமோதரம்பிள்ளையுடன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாகி, பின்னாளிற் சைவத்துக்கே மீண்டார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையோ கிறிஸ்தவராகவே வாழ்ந்து, 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' இயற்றித் தமிழ்ப் புலவர் வரலாற்றைக் காத்தார். வழி வேறாயினும் இருவரும் தம் தமிழ்ப்பெயரை விட்டாரில்லை.

பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாடசாலை, பிரசங்கம், அச்சுக்கூடம் என்னும் மிஷனரிமாரின் கருவிகளையே அவரும் கைக்கொண்டார். தாயும் மொழியும் அருகிருந்தமையால் நம்மவர்க்கு மீட்சி எளிதாயிற்று.

அவ்விரண்டும் பறிக்கப்பட்ட இடத்தில் நடந்தது வேறு. கனடாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1990கள் வரை, ஏறத்தாழ 1,50,000 ஆதிக்குடிப் பிள்ளைகள், அரசு பணந்தரத் திருச்சபைகள் நடத்திய விடுதிப் பாடசாலைகளில் அடைக்கப்பட்டனர். பலர் பெற்றோரிடமிருந்து பலவந்தமாகப் பிரிக்கப்பட்டவர். தாய்மொழி பேசினால் தண்டனை. பல இடங்களிற் பெயருக்குப் பதில் எண். ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பாமலே மாண்டனர். திரும்பியவரிற் பலர் துயரைக் குடியில் மறக்க முயன்றனர்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் அல்கலி லேக் என்னும் சிற்றூர் குடியால் நலிந்து கிடந்தது. 1972இல் அங்கே ஒரு தாய் குடியை விட்டார். அவர் கணவர் தொடர்ந்தார். ஆண்டுகள் செல்ல, ஊரிற் பெரும்பாலோர் அவ்வழி நின்றனர். முன்னோர் சடங்குகளும் மீண்டன. கனடாப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008இலேயே. அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வூர் தன் காயத்துக்குத் தானே மருந்திட்டுக்கொண்டது. 2015இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 94 கோரிக்கைகளை முன்வைத்தது. அவற்றுள் 17ஆவது யாது தெரியுமா? பாடசாலைகள் மாற்றிய பெயர்களை ஐந்தாண்டுக் காலம் கட்டணமின்றி மீளப்பெற அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்பதே.

மன்னிப்பும் சட்டமும் வேண்டியவையே. ஆனால் ஆறுதல் ஊருக்குள்ளே தொடங்குவது. நாவலரும் அத்தாயும் காட்டும் உண்மை இதுவன்றோ?

நம் மலைநாட்டுத் தோட்டங்களிலும், எழுதியவர் பிழையாற் பிறப்புப் பதிவிற் பெயர் சிதைந்த பெரியோர் உளர். பல்லேகல இளைஞரே, ஒரு குறிப்பேட்டுடன் அவர்கள் அருகே சென்று அமர்வோம். காதில் மும்முறை சொல்லப்பட்ட அப்பெயரை அவர்கள் வாயாற் கேட்டு, பிழையற எழுதிவைப்போம்.