மலையக இலக்கியத்தில் நாடும் வீடும்

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. மலையக எழுத்தின் மையக் கேள்வி இங்கிருந்தே கூர்மை பெற்றது. 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, பின்னாளில் ‘வீடற்றவன்’ நாவலை எழுதினார். தலைப்பு மிகையன்று: தொழிலாளர் பிறந்து வளர்ந்த லயன் அறையும் தோட்டத்துக்கே சொந்தம்; வேலை போனால் கூரையும் போகும். தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைத் தொகுப்பு ‘நாமிருக்கும் நாடே’. பாரதியின் விடுதலைப் பாட்டை நினைவூட்டும் அத்தலைப்பு, வாக்குரிமை பறிக்கப்பட்டோர் நடுவே கசப்பாகவே ஒலிக்கிறது.

1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. இலங்கையில் ‘இந்தியத் தமிழர்’ எனப் பதிவானவர்கள் நீலகிரியில் ‘சிலோன்காரர்’ ஆயினர். ‘தோட்டக்காட்டான்’ என்ற வசைக்கு எதிராக ‘மலையகத்தவர்’ என்ற பெயரை நிலைநிறுத்தியதில் எழுத்தாளர்களின் பங்கு பெரிது.