பக்கவாதக் கைக்கு அணிதாங்கி: ஒரு வடிவமைப்பு வரலாறு

பக்கவாதம் கண்ட கைக்கென இன்று வழங்கும் அணிதாங்கிகளில் பல, வேறு நோய்களுக்காகப் பிறந்த கருத்துகளின் வழித்தோன்றல்கள். அந்தக் கருத்துகள் தளர்ந்து தொங்கும் கையை மூடக் கற்றன. பக்கவாதத்திலோ பெரும்பாலும் கை மூடிக்கொண்டு திறக்க மறுக்கிறது: விரல்களை மடக்கும் தசைகள் இறுகுகின்றன, நீட்டும் தசைகள் வலுவிழக்கின்றன. ஒரு தம்ளரைப் பிடிக்க வேண்டுமானால் விரல்கள் முதலில் அதன் அகலத்துக்கு விரிந்தாக வேண்டும். பிடியைத் தர முனைந்த வடிவமைப்பு, விரிப்பை வெகுகாலம் இரண்டாம் இடத்தில் வைத்தது என்பதும், அந்தக் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பதுமே இங்கு நான் முன்வைக்கும் வாதம்.

1950களில் இளம்பிள்ளை வாதம்தான் இத்துறையை வளர்த்தது. அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் மெக்கிப்பன், அந்நோயால் கை செயலிழந்த தம் மகளுக்காக, பின்னல் உறைக்குள் ரப்பர் குழாய் வைத்த காற்றுத் தசையை உருவாக்கினார். காற்று ஏறினால் அது குறுகி விரலை மடக்கும். கலிபோர்னியாவின் ரான்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் வளர்ந்த இன்னொரு தாங்கி, மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் தாமே மடங்கும் இயல்பைப் பயன்படுத்தியது. இரண்டும் அருமையான சிந்தனைகள். ஆனால் மணிக்கட்டே கீழ்நோக்கி மடிந்து இறுகியவருக்கு இரண்டாவது உதவாது. ஏற்கெனவே மூடிய விரலை மேலும் மடக்கும் விசையால் முதலாவதும் பயன்படாது. நம் பக்கத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளின் செயலிழந்த விரல்களுக்கு நல்ல தசைகளின் நாண்களை இடம்மாற்றித் தைத்தார். விரல் அசைந்தது, உணர்ச்சி திரும்பவில்லை. வலி தெரியாத கை தன்னையே புண்ணாக்கிக்கொள்ளும் என்று அவர் ஓயாமல் எடுத்துச் சொன்னார். பக்கவாதத்திலும் பலருக்குத் தொடுவுணர்ச்சி மங்குகிறது. தாங்கியின் விளிம்பு தோலை அழுத்துவது அவர்களுக்குத் தெரியாமலே போகலாம். வேலூரின் இந்தப் பாடம் வடிவமைப்பாளர்களிடம் உரிய கவனம் பெறவில்லை என்பதே என் கணிப்பு.

திசை தெளிவாக மாறியது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். சேபோஃப்ளெக்ஸ் என்ற தாங்கியில் பயனர் தம் வலுவால் விரலை மடக்குகிறார், ஸ்பிரிங் அதைத் திறந்துவிடுகிறது. ஆயினும் 2015 வாக்கில் ஹார்வர்டின் மென்கையுறை திரவ அழுத்தத்தால் விரலை வளைத்தது. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் எக்ஸோ-குளோவ், தசைநாண் போல ஓடும் கம்பிகளால் மடக்கவும் நீட்டவும் செய்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ, கைப்பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி மேசைமேல் வைத்துப் பயிற்சி தரும் ரோபோ. அணிந்துகொண்டு நடமாடுவதற்கானது அன்று.

இத்தகைய கருவிகளுக்கு மறுப்புகள் உண்டு, அவை வலுவானவையும்கூட. 2007இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, இரவில் ஸ்ப்ளிண்ட் என்ற அசையாத் தாங்கியைக் கட்டுவதால் மணிக்கட்டின் இறுக்கம் தடுக்கப்படவில்லை என்று காட்டியது. 2019இல் பிரிட்டனில் 770 பேரிடம் நடந்த ஆய்வில், ரோபோ பயிற்சி பெற்றவர்களின் கைத்திறன் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மேம்படவில்லை. அப்படியானால் கருவிகளே வீணா? இவ்விரு ஆய்வுகளும் கருவியைக் கழற்றிய பின் கை எவ்வளவு தேறியது என்று கேட்டன. அணிந்திருக்கும்போது தம்ளரைத் தூக்க முடிகிறதா என்பது வேறு கேள்வி. மூக்குக்கண்ணாடியை நாம் கழற்றிவிட்டுச் சோதிப்பதில்லை. தாங்கிக்குப் பழகினால் கை சோம்பிவிடும் என்ற அச்சம் இதைவிடக் கனமானது. நோயாளியின் முயற்சி இல்லாமலே எல்லாம் செய்துவிடும் கருவிக்கு அது முழுதும் பொருந்தும். விரிப்பை மட்டும் கொடுத்து, பிடியை அவரிடமே விடும் கருவி, ஒதுக்கப்பட்ட கையை மறுபடி வேலைக்கு அழைக்கிறது.

இந்த வாதம் திருவனந்தபுரத்துக்கு நெருக்கமானது. இங்கு 2005இல் தொடங்கிய பக்கவாதப் பதிவேடு ஆறு மாதத்தில் 541 பேரைப் பதிந்தது. நகரில் ஏறத்தாழ நான்கில் மூவர் முதல் 28 நாளைக் கடந்தார்கள். பிழைத்தவர்களின் கை என்னவாகிறது என்ற கேள்வி அங்கே தொடங்குகிறது. இந்நகரின் கரமனையை அடுத்த பூஜப்புரையில், சாட்டல்மண்ட் அரண்மனையில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. எம்.எஸ். வலியத்தானின் தலைமையில் பல மாதிரிகள் தோற்ற பிறகே, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட இதய வால்வை உருவாக்கியது அந்தப் பிரிவுதான். இறக்குமதி விலை எட்டாத நோயாளிகளை மனத்தில் வைத்து அந்த வேலை நடந்தது. கைத்தாங்கிக்கும் அதே பிடிவாதம் தேவை. கரமனை அக்ரஹாரத்து முதியவர் வலக்கையால் சோறு பிசைந்து உண்பவர். விரல்நுனியை மூடும் கையுறை அவருக்குத் தடையாகும். வியர்வை ஓயாத இந்த ஊரில் துவைத்துக் காயவைக்க முடியாத துணி நாற்றமெடுக்கும். நல்ல கை ஒன்றை மட்டும் கொண்டு மாட்டிக்கொள்ள முடியாத தாங்கி, உதவிக்கு ஆள் இல்லாத நேரத்தில் அலமாரியிலேயே கிடக்கும். சித்திரை நிறுவனமும் இந்நகரத்துப் பொறியியல் கல்லூரிகளும் அடுத்த மாதிரியைச் செய்யும்போது, மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த மூன்றையும் நிபந்தனைகளாக எழுதிவைக்க வேண்டும்.